இருபது நாளில் ஆறு தீவா?

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன், வயது 34. அடுத்த ஆண்டு 20 நாள் விடுப்பு கிடைக்கும். அதிகம் பேர் போகாத பாலினேசியத் தீவுகளில் ஐந்தாறையாவது பார்த்து, அந்த மக்களோடு பழகிவிட்டு வர ஆசை. எப்படித் திட்டமிடுவது? நான் சைவம், அது சிக்கலாகுமா?
- வாசகி, திருச்சி

பதில்: ஆசை சரி, கணக்குதான் இடிக்கிறது. ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருகிற முக்கோணம்தான் பாலினேசியா. உள்ளே பெரும்பாலும் தண்ணீர். 20 நாளில் ஆறு தீவு என்று ஓடினால், விமான நிலையச் சிப்பந்திகளோடு மட்டும் நன்றாகப் பழகலாம். ஒரே இடமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் டோக்கலாவ்.

சமோவாவுக்கு வடக்கே சுமார் 500 கி.மீ. தூரத்தில் அடாஃபு, நுகுநோனு, ஃபகாஓஃபோ என்று மூன்று பவளத் தீவுகள். நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி. மூன்றிலும் சேர்த்தே 1,500 பேர் அளவில்தான் இருப்பார்கள். விமானம் கிடையாது. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் கப்பலேறினால் ஒரு நாளுக்கு மேல் பயணம். துறைமுகமும் இல்லாததால் கப்பல் பாறைத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும். அங்கிருந்து சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். கப்பலில் ஊர்க்காரர்களுக்குத்தான் முதலிடம். அதனால் திரும்பும் தேதியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். 20 நாளும் இதற்கே சரியாகிவிடும்.

டிக்கெட்டுக்கு முன்னால் அனுமதி. ஆப்பியாவில் உள்ள டோக்கலாவ் அலுவலகத்தில் விண்ணப்பித்தால், நீங்கள் போகிற தீவின் பெரியவர்கள் சபை - தௌபுலேகா என்பார்கள் - சம்மதிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் ஊருக்குள் வந்து தங்குவதென்றால் நம் கிராமத்திலும் நாலு பேர் விசாரிப்பார்கள் அல்லவா? 1863-ல் பெருவிலிருந்து அடிமை பிடிக்க வந்த கப்பல்கள் இந்தத் தீவுகளிலிருந்து ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்டுபோன கதையையும் படித்துவிட்டுப் போங்கள்.

ஆப்பியாவில் கப்பலுக்காகக் காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். சமோவா கிராமங்களில் அந்தி சாயும் நேரம் ‘சா’ என்று ஒரு பிரார்த்தனை வேளை உண்டு. விவரம் தெரியாமல் அந்நேரத்தில் நான் ஒரு ஊர்ப் பாதையில் படம் எடுத்துக்கொண்டே நடந்தேன். சங்கு ஊதியது. தெரு சட்டென்று காலியாகிவிட்டது. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையிலிருந்து, உட்கார் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். பாட்டு முடியும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே உள்ளே கூப்பிட்டார். அங்கே சம்மணம் போட்டு உட்கார வேண்டும், யார் பக்கமும் கால் நீட்டக் கூடாது. இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டோக்கலாவில் தவறாமல் பார்க்க வேண்டியது ‘இனாதி’. ஊருக்காகப் பிடித்த மீனையெல்லாம் ஓரிடத்தில் கொட்டி, வீட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணிப் பங்கு வைப்பார்கள். கடலுக்குப் போக முடியாத கிழவிக்கும் பங்கு உண்டு. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, பங்கு வைப்பவரின் கையைக் கவனியுங்கள். சின்ன மீன், பெரிய மீன் எப்படிச் சரிக்கட்டுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாப்பாடு? தேங்காய், சீமைப்பலா, சேம்பு வகைக் கிழங்கு கிடைக்கும். பருப்பும் மசாலாவும் ஆப்பியாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தங்குகிற வீட்டுக்கும் சேர்த்து அரிசி, மாவு வாங்கிப் போவது நல்லது. சைவம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த வீட்டுத் தலைக்கணக்கில் உங்களையும் சேர்த்து மீன் வந்தால், வேண்டாம் என்று கையை ஆட்டாமல் வாங்கி, வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். மறுநாள் உங்கள் சாம்பாரை அவர்களுக்கு ஊற்றிப் பாருங்கள்.