வயலைப் பார்க்கவா பின்லாந்து? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வரும் ஜூலையில் அப்பாவும் அம்மாவும் மயிலாடுதுறை பக்கமிருந்து வருகிறார்கள். மூன்று மாத விசா. அப்பா இன்றும் நெல் போடுகிறவர். நண்பர்கள் எல்லோரும் வடகோடியில் உள்ள ரொவானியெமிக்குக் கூட்டிப் போ, துருவ ஒளி, சாண்டா கிராமம் என்கிறார்கள். நீங்கள் மேற்கே உள்ள விவசாய வட்டாரமான தெற்கு போஹ்யன்மாவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியதைப் பற்றி முன்பு நாலு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே கூட்டிப் போகலாமா என்று யோசிக்கிறேன். மனைவியோ, "வயலைப் பார்க்கவா அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள்?" என்கிறாள். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. கிராமத்துக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். உங்கள் யோசனை என்ன?

பெயர் வேண்டாம், எஸ்போ

அன்புள்ள நண்பருக்கு,

ஜூலையில் ரொவானியெமியில் துருவ ஒளி தெரியாது. வானம் இருட்டினால்தானே தெரிவதற்கு? சாண்டா வருஷம் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பார், அவசரமில்லை. ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

போஹ்யன்மாவுக்குக் கூட்டிப் போங்கள். ஆனால் ஜூலையில் வேண்டாம், ஆகஸ்ட் இரண்டாம் பாதியில். ஜூலை நாடே விடுமுறையில் இருக்கும் மாதம், வயலில் பார்லி சும்மா நின்றுகொண்டிருக்கும். உங்கள் மனைவி கேட்டது அந்த மாதத்துக்கு நியாயமான கேள்விதான். "அமைதி", "இயற்கை" என்று விளம்பரம் செய்யும் ஏரிக்கரைக் குடில்களையும் தவிர்த்துவிடுங்கள். நிஜமாக விவசாயம் நடக்கும் பண்ணையில், அறுவடை நேரத்தில், அறை எடுங்கள். உங்கள் அப்பா பார்க்க வேண்டியது தன் தொழிலை இன்னொருவன் எப்படிச் செய்கிறான் என்பதை.

நான் தங்கியது இசோக்யூரோ பக்கம், க்யூரோ ஆற்றங்கரையில். சேய்னாயோகி வரை ரயில், அப்புறம் கார். கார் இல்லாமல் போகாதீர்கள், கிராமத்துப் பேருந்தை நம்பினால் அறையிலேயே இருக்க வேண்டியதுதான். தட்டையான வயல்வெளி, நடுவில் சாம்பல் நிறத்தில் பழைய மரக்கொட்டகைகள், ஆற்றை ஒட்டிச் சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு மாடி வீடுகள். டெல்டாக்காரருக்கு இந்தத் தட்டை நிலம் அந்நியமாகத் தெரியாது. வசந்தத்தில் பனி உருகும்போது ஆறு கரை மீறி வயலுக்குள் வரும், அதுவும் அவருக்குப் பழக்கப்பட்ட சங்கதி.

அங்கே ஒரே போகம். மே மாதம் விதைத்து, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுத்தாக வேண்டும். பிந்தினால் உறைபனி. 1867இல் கோடை பிந்தி வந்து, செப்டம்பர் தொடக்கத்திலேயே உறைபனி விழுந்து பயிர் போனது. அடுத்த ஆண்டு வரை நீண்ட பஞ்சத்தில் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம் பேர் இறந்தார்கள். பைன் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற கதையை இன்றும் சொல்வார்கள்.

இப்போது பஞ்சம் இல்லை, ஆனால் ஈரம் இருக்கிறது. அறுவடை மெஷினிலிருந்து வரும் பார்லியில் 20, 25 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம். 14க்குக் கீழே கொண்டுவந்தால்தான் சேமிக்க முடியும். நம் ஊர் போல ரோட்டில் கொட்டிக் காயவைக்கிற வெயில் அங்கே கிடையாது. அதனால் பண்ணைக்குப் பண்ணை உயரமான டிரையர் கொட்டகை. எண்ணெய் அல்லது மரச்சீவல் எரித்த சூடான காற்று தானியத்தின் ஊடாகப் போய்க்கொண்டே இருக்கும். அறுவடை நாட்களில் ராத்திரியெல்லாம் அந்த விசிறிச் சத்தம்தான். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் இரவு பத்து மணிக்குக் கையில் ஒரு பிடி தானியத்தோடு வெளியே வந்து, ஈரமானியில் போட்டுப் பார்த்து, எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதிவிட்டுப் போவார். சுவர் முழுக்கப் பல வருஷத்து எண்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டையோடு காத்துக்கிடந்த அனுபவம் உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் இருக்கும். அந்தச் சுவரின் முன்னால் அவரை நிறுத்துங்கள், போதும். ஆங்கிலம் எதற்கு?

மண்ணையும் கேட்கச் சொல்லுங்கள். பனியுகத்தில் மேலே அழுத்திய பனியின் பாரம் நீங்கியதிலிருந்து அந்தக் கரையோர நிலம் உயர்ந்துகொண்டே இருக்கிறது, கடலோர நகரமான வாசா பக்கம் இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர். கடலுக்கு அடியில் இருந்த களிமண்தான் இன்றைய வயல்களில் கணிசமான பகுதி. அதில் கந்தகம் உண்டு. வடிகால் போட்டு மண் காய்ந்தால் காற்றுப் பட்டு அமிலமாகி, ஆற்றில் இறங்கி மீனைக் கொல்லும். அதனால் சுண்ணாம்பு போடுகிறார்கள், வடிகால் மட்டத்தைக் கவனமாகப் பார்க்கிறார்கள். உப்பு ஏறிய நிலத்தோடு மல்லுக்கட்டும் கடைமடைக்காரருக்கு இது ஒரு மத்தியான நேரப் பேச்சு.

"வாயே திறக்க மாட்டார்கள்" என்பது ஹெல்சிங்கி டிராமில் உட்கார்ந்து முடிவு கட்டுகிறவர்கள் சொல்வது. வெயில் அடிக்கிற அறுவடை நாளில் எந்த ஊர் விவசாயி உங்களோடு உட்கார்ந்து பேசுவான்? மழை வந்தால் மெஷின் நிற்கும், காபி வரும், பேச்சு வரும். எனவே இரண்டு நாள் போய் வருவது வீண். ஒரு வாரமாவது இருங்கள், நடுவில் மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். காபியை மறுக்காதீர்கள், இரண்டாவது கோப்பையையும்.

தேவாலயத்துக்கும் அழைத்துப் போங்கள், பக்திக்காக அல்ல. (தரங்கம்பாடி பக்கத்தில் வளர்ந்தவருக்கு லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது, இங்கும் அதே சபைதான்.) 1865 வரை ஊர் நிர்வாகமும் சபையும் ஒன்றுதான், ஏழைகளைப் பார்த்துக்கொள்வது உட்பட. வாசிக்கத் தெரியாதவனுக்குக் கல்யாணமே கஷ்டம் என்ற நிலையைச் சபைதான் உண்டாக்கியது. யார் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்த பேரேடுகள் உண்டு. இசோக்யூரோவின் பழைய கற்கோவில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, உள்சுவர்களில் 1560இல் வரைந்த பைபிள் காட்சிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கோடை முடிந்தால் பூட்டியிருக்கக்கூடும், சபை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். இந்த வட்டாரக் கோவில்கள் பலவற்றின் வாசலில் மரத்தில் செதுக்கிய ஒரு பிச்சைக்காரர் நிற்பார், நெஞ்சில் காசு போட ஒரு துவாரம். ஏழைகளுக்கான உண்டியல் அவர்தான். சோய்னி என்ற ஊரில் மட்டும் அது ஒரு பெண். அம்மாவுக்குப் பிடிக்கும்.

கோவிலை ஒட்டி, ஒரே அளவுக் கற்கள் வரிசையாக உள்ள இடம் 1939 முதல் 1945 வரையிலான போர்களில் இறந்தவர்களுடையது. இறந்த சிப்பாய்களை முடிந்தவரை சொந்த ஊர்ச் சபைக்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், படம் எடுப்பதை யோசித்துச் செய்யுங்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். படுக்கை விரிப்பு, துண்டு பெரும்பாலும் வாடகையில் சேராது, கொண்டுபோங்கள். கிளம்பும்போது அறையைக் கூட்டித் துடைப்பது உங்கள் வேலை. யாருடைய காட்டுக்குள்ளும் புளூபெர்ரி பறிக்கலாம், அனுமதி வேண்டாம். வீட்டு முற்றத்திலும் பயிர் நிற்கும் வயலிலும் மட்டும் கால் வைக்கக் கூடாது. சௌனா என்ற சூட்டறைக் குளியலுக்கு அழைத்தால் அப்பாவைக் கீழ்ப்படியில் உட்காரச் சொல்லுங்கள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் போவார்கள், துண்டு கட்டிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாடு உருளைக்கிழங்கும் கம்பு ரொட்டியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள் (நம் கம்பு அல்ல, ரை என்ற தானியம்). சுட்ட பாலாடைக்கட்டி ஒன்று தருவார்கள், பல்லில் கீச்சிடும், மேலே மஞ்சள் பெர்ரி ஜாம். முன்பெல்லாம் சீம்பாலில் செய்ததாம். அம்மா சுத்த சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உறைய வைக்கக் கன்றின் இரைப்பை நொதி சேர்ப்பது உண்டு.

மனைவிக்கு வாசா நகரமும் கடலும் நாற்பது கிலோமீட்டரில் இருக்கின்றன. ஒரு நாள் அவர் காரை எடுத்துக்கொண்டு போய்வரட்டும்.