மூளை மின்னலையும் சமன்பாடும்: கேள்வி பதில்

ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைகளைக் கணினியில் மாதிரியாக்கும் ஆய்வுத்துறை பற்றிக் கொழும்பிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் இதே துறையில் வேலை செய்யும் ஓர் ஆய்வாளர்.

அக்கா, நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. உயிரியல் படிக்கவில்லை. இந்தத் துறைக்கு வரலாமா? (வெள்ளவத்தை)

தாராளமாக வரலாம், தங்கச்சி. நரம்புக் கலத்தின் மின்துடிப்பை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952 இல் விளக்கியதே நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளில்தான். இணைந்த கணிதத்தில் கை பழகியவர் வேண்டிய உயிரியலைப் போகப் போகச் சேர்த்துக்கொள்ளலாம். மறுபக்கத்திலிருந்து வருவதுதான் கஷ்டம். மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல், கொழும்பு விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் அல்லது கணிதம், எது கிடைத்தாலும் சரி. பாடநெறியின் பெயரை விட, நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, பூரியே உருமாற்றம் (ஓர் அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணிதம்) மூன்றும் அதில் உண்டா என்று பாருங்கள். மூன்றாம் வருடத்துக்குள் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைப் பைதன் கணினி மொழியில் தானே எழுதித் தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈ.ஈ.ஜி. யில் தெரிவது நரம்புக் கலங்களின் மின்துடிப்புத்தானே? (மருத்துவ பீட மாணவன்)

பெரும்பாலும் இல்லை. மின்துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான கலங்களில் அது ஒரே கணத்தில் விழாததால் கூட்டினால் மிஞ்சுவது சொற்பம். நரம்பிணைப்புகளில் ஓடும் மின்னோட்டம் பத்துக்கணக்கான மில்லிசெக்கன் நீடிக்கும். மூளை மேற்பட்டையின் கூம்புக் கலங்கள் பக்கம் பக்கமாக ஒரே திசையில் நிற்பதால் அந்த மின்னோட்டங்கள் கூடிச் சேரும். அப்படியும் மண்டையோட்டைத் தாண்டித் தோலுக்கு வரும்போது பத்து முதல் நூறு மைக்ரோவோல்ற்றுக்குள்தான் நிற்கும். ஆகவே தனிக் கலத்தை விட்டு, கலக் கூட்டங்களையே மாதிரியாக்குகிறோம். 1972 இல் வில்சனும் கோவனும், 1974 இல் அல்பா அலைக்கு லோப்பஸ் த சில்வா குழுவினரும், 1995 இல் ஜேன்சனும் ரிட்டும் செய்தது அதைத்தான்.

ஜேன்சன்–ரிட் மாதிரியைப் பைதனில் எழுதினேன் அக்கா. ஒரு தடவை நேர்கோடு வருகிறது, இன்னொரு தடவை எண்கள் வெடித்துப் போகின்றன. எங்கே பிழை? (பட்டதாரி மாணவன், மொறட்டுவை)

வெடித்தால் முதலில் அலகைப் பாருங்கள். தூண்டல் வேகமாறிலி 100, தடுப்பு வேகமாறிலி 50 என்பவை விநாடிக்கு. நேரப்படியை மில்லிசெக்கனில் 1 என்று வைத்துவிட்டு இந்த எண்களை அப்படியே போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? மில்லிசெக்கனில் எழுதுவதானால் அவை 0.1, 0.05 ஆகும். உச்சச் சுடுவீதத்தின் (கலங்கள் விநாடிக்கு எத்தனை மின்துடிப்பு விடும் என்பதன் உச்சம்) பாதியான 2.5 என்பது 0.0025 ஆகும். உள்ளீடு 120–320 என்பது 0.12–0.32 ஆகும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பதுதான் வழமையான பிழை.

மற்ற எண்களையும் சரிபாருங்கள்: தூண்டல் வீச்சு 3.25 மில்லிவோல்ற்று, தடுப்பு வீச்சு 22 மில்லிவோல்ற்று, இணைப்பு மாறிலி 135, அதன் நான்கு பங்குகள் 1, 0.8, 0.25, 0.25. அழுத்தத்தைச் சுடுவீதமாக்கும் S வடிவச் சிக்மொய்ட் சார்பின் நடுப்புள்ளி 6 மில்லிவோல்ற்று, சரிவு 0.56.

நேர்கோட்டுக்குக் காரணம் வேறு. உள்ளீட்டை மாறாத எண்ணாக வைத்து, பூச்சியத்திலிருந்து தொடங்கினால், அது 100 இற்குக் கீழே இருக்கும்போது மாதிரி அமைதி நிலையிலேயே குந்திவிடும். சுமார் 315 ஐத் தாண்டினாலும் அலை அடங்கிவிடும். 200 இல் வைத்துப் பாருங்கள், 10 ஹேட்ஸை ஒட்டிய அலை வரவேண்டும். வராவிட்டால் ஆறு சமன்பாடுகளில் ஒன்றில் குறி மாறியிருக்கிறது, அனேகமாகத் தடுப்புக் கூட்டத்துக்கு முன்னுள்ள கழித்தல் குறி.

இன்னும் மூன்று விசயம். ஈ.ஈ.ஜி. க்கு ஒப்பானது கூம்புக் கலங்களுக்கு வரும் தூண்டல் அழுத்தத்திலிருந்து தடுப்பு அழுத்தத்தைக் கழித்த வித்தியாசம். முதல் மாறியை வரைந்துவிட்டு 'வீச்சு சரியில்லை' என்று தலையைப் பிய்க்க வேண்டாம். வெள்ளை இரைச்சலைச் சேர்த்தால் அதை நேரப்படியின் வர்க்கமூலத்தால் அளவிடுங்கள், இல்லாவிட்டால் நேரப்படியை மாற்றும் ஒவ்வொரு முறையும் நிறமாலையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற வரைபு) மாறும். முதல் இரண்டு விநாடியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

வீட்டில் பதிந்த தரவில் 50 ஹேட்ஸில் ஊசி போல ஒரு உச்சம். 28 இலும் ஒன்று. இரண்டாவது மூளையின் பீற்றா அலையா? (பம்பலப்பிட்டி)

உங்கள் கருவி விநாடிக்கு 128 மாதிரி (சாம்பிள்) எடுப்பதென்றால், அது மூளையல்ல, சுவர் பிளக். நம் மின்விநியோகம் 50 ஹேட்ஸ். அதன் இரட்டிப்பான 100, மாதிரி வீதத்தின் பாதியான 64 இற்கு மேலே கிடப்பதால் மடிந்து 128 − 100 = 28 இல் வந்து உட்காரும். பதிந்த பிறகு வடிகட்டி இதைப் பிரிக்க முடியாது. 256 இற்கு மேல் மாதிரி எடுங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓட்டுங்கள். அமெரிக்காவில் பதிந்த திறந்த தரவை இறக்கினால் அங்கே இரைச்சல் 60 இல் இருக்கும்; பழக்கதோஷத்தில் 50 ஐ வெட்டினால் இரைச்சல் அப்படியே நிற்க, நல்ல தரவில்தான் ஓட்டை விழும்.

ஆய்வுக்கூடத்தில் மின்வாய் பொருத்துகிறேன் மிஸ். மின்வாய்க்கும் தோலுக்கும் இடையிலான மின்தடங்கல் இறங்கவே மாட்டேன் என்கிறது. (ஆய்வு உதவியாளர்)

தலையில் தேங்காயெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டீர்களா? ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் நின்றால் எவ்வளவு தேய்த்தாலும் இறங்காது. முதல் நாள் இரவு ஷாம்பு போட்டுக் குளித்து, காலையில் எண்ணெய், கண்டிஷனர் எதுவும் வைக்காமல் வரச்சொல்லி முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்புங்கள். தோலை மெதுவாகத் தேய்த்து 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். ஒப்பீட்டு (ரெஃபரன்ஸ்) மின்வாயையும் தரை மின்வாயையும் முதலில் சரிசெய்யுங்கள். எல்லா அலைவரிசையிலும் ஒரே குப்பை தெரிந்தால் அவை இரண்டில் ஒன்றுதான் கழன்றிருக்கும். கொழும்பு வெக்கையில் வியர்வை 1 ஹேட்ஸுக்குக் கீழே நீண்ட அலைபோல் ஆடும். பதிவுக்கு அரைமணி முன்பே ஏசியைப் போட்டுவிடுங்கள்.

என் மகனுக்கு வலிப்பு. அது எப்போது வரும் என்று இந்தக் கணினி மாதிரி முன்கூட்டிச் சொல்லுமா மிஸ்? (கொட்டாஞ்சேனை, ஒரு தாய்)

இல்லை அம்மா, வீட்டில் பாவிக்கும் நிலையில் அது இல்லை. 2014 இல் வெளியான, வலிப்பைச் சமன்பாடுகளில் எழுதும் எபிலெப்டர் போன்ற மாதிரிகளை, மருந்துக்கு அடங்காத வலிப்புக்குச் சத்திரசிகிச்சை திட்டமிட உதவுமா என்று பிரான்சில் சோதித்திருக்கிறார்கள். அது ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் வேலை. உங்கள் கையில் உள்ளது வேறு: வலிப்பு வரும்போது ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போனில் படம் பிடிக்கட்டும், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்று எழுதுங்கள். நரம்பியல் டொக்டருக்கு அது பெரிய உதவி. மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

என் மாதிரி நோயாளரின் நிறமாலைக்கு அச்சாகப் பொருந்துகிறது. 'தடுப்பு வீச்சு குறைந்திருக்கிறது' என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (முதுநிலை மாணவி)

இப்போதைக்கு எழுத வேண்டாம். அல்பா உச்சம் ஒன்றை வரைய மாதிரிக்குப் பல வழி உண்டு: தடுப்பு வீச்சைக் குறைத்தாலும், இணைப்பு மாறிலியைக் கூட்டினாலும், உள்ளீட்டை அசைத்தாலும் ஏறத்தாழ ஒரே வளைகோடு வரலாம். நீங்கள் கண்டது அவற்றில் ஒன்றை மட்டுந்தான். முதலில் நீங்களே தெரிந்த எண்களைப் போட்டுப் பொய்த் தரவு உண்டாக்கி, அதே முறையால் அந்த எண்களை மீட்க முடிகிறதா என்று பாருங்கள். மீளாவிட்டால் உண்மைத் தரவில் கிடைத்த எண்ணுக்கும் பெறுமதி இல்லை. அடுத்து, ஐம்பது வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து பொருத்தி விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று படமாகப் போடுங்கள். பிறகு கண் மூடிய பகுதியில் பொருத்தியதை வைத்துக் கண் திறந்த பகுதியை ஊகியுங்கள்: ஒரு மாறியை மட்டும் அசைத்து அது வரவேண்டும். வீச்சை நேரடியாக ஒப்பிடவும் வேண்டாம். மாதிரி தருவது மில்லிவோல்ற்று, தலைத்தோலில் இருப்பது மைக்ரோவோல்ற்று. நடுவில் மண்டையோடு இருக்கிறது. பரிசோதகர்கள் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான்.

நீண்ட கணிப்பு ஓடும்போது மின்வெட்டு வந்தால்?

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையையும் எழுமாற்று விதையையும் (எழுமாற்று எண்கள் தொடங்கும் எண்) கோப்பில் சேமியுங்கள். யூ.பி.எஸ். கணினியை ஒழுங்காக அணைத்துவிட மட்டும் நேரம் தரும்.

இன்றிரவே தொடங்க என்ன செய்யலாம் அக்கா?

பிசியோநெட் என்ற திறந்த தரவுத் தளத்தில் கை அசைவு, அசைவுக் கற்பனை பற்றிய ஈ.ஈ.ஜி. தரவு இலவசமாக இருக்கிறது: 109 பேர், 64 அலைவரிசை, விநாடிக்கு 160 மாதிரி. ஒருவரின் முதல் கோப்பு கண் திறந்த ஒரு நிமிடம், இரண்டாவது கண் மூடிய ஒரு நிமிடம். எம்.என்.ஈ. பைதன் என்ற ஈ.ஈ.ஜி. மென்பொருளில் திறந்து, அலைவரிசைப் பெயர்களின் வாலில் ஒட்டியிருக்கும் புள்ளிகளை நீக்குங்கள், இல்லாவிட்டால் தலைப்படம் வராது. 1 முதல் 40 ஹேட்ஸ் வரை வடிகட்டி, பிடரிப் பக்க மின்வாய்களை எடுத்து, வெல்ச் முறையில் (துண்டு துண்டாகக் கணித்துச் சராசரி எடுப்பது) நான்கு விநாடித் துண்டுகளாக நிறமாலை போடுங்கள், 0.25 ஹேட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். கண் மூடியதில் 8–13 ஹேட்ஸ் இடையே அல்பா உச்சம் எழும். ஹான்ஸ் பேகர் 1929 இல் உலகுக்குச் சொன்ன அதே அலை. எல்லோருக்கும் அது தெளிவாக வராது. முதல் ஆளில் வராவிட்டால் உங்கள் நிரலைப் பிழை சொல்லாமல் அடுத்த ஆளைத் திறவுங்கள்.