கடிதம் பழைய முகவரிக்குப் போகும், கார் உங்கள் வாசலில் நிற்கும்

வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பத்து வருடம் ஓடிய கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். ஏர்பேக் ரீகாலில் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே வண்டியை வரவழைத்து மாற்றித் தருவது) இந்த மாடல் இருக்கிறது என்று நண்பர் சொன்னதால் சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டேன். "ஆமாம், உங்கள் வண்டியும் உண்டு, பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது, யாரும் கூப்பிடவில்லை. விற்றவரைக் கேட்டால் எனக்கு எதுவும் தெரியாது என்கிறார். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை. நம்பி ஓட்டலாமா? அந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, விளக்கு எரியவில்லை என்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். 26 வருடம் பணிமனையில் இருந்தேன். ரீகாலுக்கு வந்தவர்களில் பலர் என்னிடம் இதையேதான் சொன்னார்கள்.

சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைகிற அந்த விளக்கு, மின்சுற்றைத்தான் சோதிக்கிறது. கம்பி அறுந்திருக்கிறதா, கனெக்டர் கழன்றிருக்கிறதா, பற்றவைக்கும் சின்ன இழையின் மின்தடை இரண்டு மூன்று ஓம் அளவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே எரிந்து பையை விரிக்கும் வெடிமருந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. உங்கள் தாளில் இருப்பதோ இன்ஃப்ளேட்டர் ரீகால். அதாவது மருந்தில்தான் சந்தேகம்.

இன்ஃப்ளேட்டர் என்பது ஏர்பேக் பைக்குப் பின்னால் இருக்கும் உலோகக் கூடு. ஸ்டியரிங்கில் இருப்பது உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான டப்பா மாதிரி இருக்கும். பயணி பக்கம் இருப்பது பெரும்பாலும் நீள உருளை. அதற்குள் மருந்து மாத்திரை மாத்திரையாக அடுக்கப்பட்டிருக்கும். மோதியதும் அது எரிந்து, வாயு வந்து, ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பை விரிந்துவிடும். மருந்து கணக்கான வேகத்தில் எரிய வேண்டும், அதில்தான் எல்லாமே இருக்கிறது. வருடக்கணக்கில் ஈரமும் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால் மாத்திரைகள் விரிந்து சுருங்கி, நுண்ணிய வெடிப்பு விட்டு, பொடியத் தொடங்கும். விறகுக் கட்டை நின்று எரியும், அதையே சிராயாகச் சீவிப் போட்டால் பக்கென்று பற்றிக்கொள்ளும் அல்லவா? அதுதான் அங்கேயும் நடக்கிறது. அழுத்தம் எல்லை மீறி, இரும்புக் கூடே கிழிந்து, துண்டுகள் பையைத் துளைத்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வருகின்றன. பம்பர் நசுங்கும் அளவுக்கான சாதாரண மோதல்களிலும் இது நடந்திருக்கிறது.

உங்கள் தாளில் "பயணி பக்கம்" என்று இருக்கிறது. அப்படியானால் இன்றிலிருந்து அந்த முன் இருக்கையில் யாரும் உட்கார வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் பின்னால் உட்காரட்டும். 2014ல் டொயோட்டாவே, பாகம் கையில் இல்லாத நிலையில், சில வண்டிகளுக்கு அமெரிக்காவில் இதே ஏற்பாட்டைத்தான் செய்தது: முன் பயணி இருக்கையைக் காலியாக விடச் சொன்னது. தாளில் "ஓட்ட வேண்டாம்" என்ற எச்சரிக்கை இருந்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது என்றிருப்பேன். உங்களுடையதில் அது இல்லை. ஆனாலும் எச்சரிக்கை நிலை பின்னால் மாறலாம், அதனால் மாதம் ஒரு முறை தயாரிப்பு கம்பெனியின் இணையப் பக்கத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டது அது. பதிவுப் புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் தெரியும்.

இனி அந்த ஐந்து மாதத்துக்கு வருவோம். எனக்கு மனதில் தைத்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு அம்மா எட்டு மாதத்தில் நான்கு முறை வந்தார். உங்களைப் போலவே பழைய கார் வாங்கியவர். மூன்று முறையும் கவுண்டரில் "பார்ட்ஸ் வரவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு முறை சொன்னது நான். நான்காவது முறை அவர் நின்ற இடத்திலேயே நின்று, "நான் எத்தனையாவது ஆள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கம்ப்யூட்டரில் அவர் வண்டியின் சேஸிஸ் நம்பரை அடித்தேன். ஆர்டரே இல்லை. வண்டி இன்னும் முதல் உரிமையாளர் பெயரில், பழைய போன் நம்பரோடு இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று யாரோ ஆர்டரைப் போடாமலே விட்டிருந்தார்கள். வராத பாகத்துக்காக அல்ல, யாருமே கேட்காத பாகத்துக்காக அந்த அம்மா எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார். அன்றே ஆர்டர் போட்டேன், மூன்றாவது வாரம் வந்துவிட்டது. அந்த எட்டு மாதமும் அவர் பையன் முன் இருக்கையில்தான் பள்ளிக்கூடம் போனான் என்று பின்னால் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் "வந்ததா?" என்று கேட்காதீர்கள். "என் சேஸிஸ் நம்பருக்கு ஆர்டர் போட்டாயிற்றா? ஆர்டர் எண் என்ன? எந்தத் தேதி?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரீகால் கடிதம் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். வண்டி கை மாறியதைக் கம்பெனியிடம் நீங்களாகச் சொல்லாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக் கதவில் செருகிக் கிடக்கும். உங்கள் பெயர், முகவரி, போன் நம்பரைக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் இன்றே பதிந்துவிடுங்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் இழுத்தடித்தால் அதே கம்பெனியின் இன்னொரு சென்டரில் கேளுங்கள், அங்கே கையிருப்பு இருக்கலாம். மூன்றாவது உரிமையாளர் என்று தயங்க வேண்டியதில்லை. ரீகால் வண்டியோடு ஒட்டியது, செலவு கம்பெனியுடையது. தாமதமானால் மாற்று வண்டி தருவார்களா என்றும் கேளுங்கள். சில கம்பெனிகள் கொடுத்திருக்கின்றன, ஆனால் வாய்விட்டுக் கேட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைத்தது.

கேள்வி: ஒரு பையை மாற்ற வருடக்கணக்கிலா ஆகும்? வேண்டுமென்றே இழுக்கிறார்களா?

பதில்: இரண்டும் கலந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏர்பேக் தயாரித்த தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் 2000ஐ ஒட்டி அம்மோனியம் நைட்ரேட் என்ற மலிவான மருந்துக்கு மாறியது. உரத்திலும் சுரங்க வெடியிலும் இருக்கும் அதே பொருள்தான். ஈரத்தை உறிஞ்சும், சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதெல்லாம் அதன் படிக அமைப்பே மாறும். வெயிலில் நின்று இரவில் குளிரும் காருக்குள் வைக்க இது தகுந்ததா என்று யோசித்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் ஹோண்டா முதல் ரீகாலை அறிவித்தபோது வண்டிகள் சுமார் 4,000தான். அதன்பின் ஏழு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியல் நீண்டது. 2015 மே மாதம் அமெரிக்க அரசின் அழுத்தத்தில் தகாட்டா குறையை ஒப்புக்கொண்டபோது எண்ணிக்கை கோடிகளில் இருந்தது. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடி. அமெரிக்காவில் மட்டும் 28 பேர் இறந்திருக்கிறார்கள். சோதனை முடிவுகளை மாற்றிக் காட்டியதற்காக 2017 ஜனவரியில் அந்த நிறுவனம் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது.

ஆக, பத்துக் கோடி பாகத்தை ஒரே நேரத்தில் செய்ய உலகில் எந்தத் தொழிற்சாலையும் தயாராக இல்லை. ஒரு மாடலின் இன்ஃப்ளேட்டரை இன்னொன்றில் போட முடியாது. ஒவ்வொன்றையும் தனியாக வடிவமைத்து, மோதல் சோதனை செய்து பார்க்க வேண்டும். அதனால் பழைய வண்டிகளுக்கும், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதி வண்டிகளுக்கும் முதலில் என்று வரிசை வைத்தார்கள். அது நியாயமான காரணம்.

நியாயமில்லாதது என்னவென்றால், கெடு வைத்தால் வேலை நடக்கிறது, வைக்காவிட்டால் நடப்பதில்லை என்பது. ஆஸ்திரேலிய அரசு 2018ல் இதைக் கட்டாய ரீகாலாக்கி, 2020 டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு நாள் குறித்தது. அதன்பிறகு கம்பெனிகள் வீடு வீடாகத் தேடிப்போய் உரிமையாளர்களைக் கண்டுபிடித்தன. கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை அப்போது கண்டுபிடிக்க முடிந்தது.

கேள்வி: வெடிக்கும் பை எதற்கு? ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் நிம்மதிதானே என்கிறார் எங்கள் மெக்கானிக்.

பதில்: வேண்டாம் அம்மா. ரீகாலில் இருக்கும் வண்டிகளிலும் பெரும்பாலான பைகள் சரியாகவே விரிகின்றன, உயிரைக் காக்கின்றன. ஃபியூஸைப் பிடுங்கினால் ஒன்றுக்கு நான்கு பையும் சேர்ந்து செத்துவிடலாம், சில வண்டிகளில் சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்பும் அதோடு போகும். விதிவிலக்கு உண்டு: 2001 முதல் 2003 வரை வந்த சில ஹோண்டா, அக்யூரா வண்டிகளின் ஓட்டுநர் பையில், விரியும்போது வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கும் என்று 2016ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. அப்படிப்பட்ட வண்டி என்றால் ஃபியூஸைத் தொட வேண்டாம், சாவியையும் தொட வேண்டாம். கம்பெனிக்குப் போன் செய்து இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

உங்கள் மெக்கானிக்கிடம் இதையும் சொல்லுங்கள்: ஏர்பேக் வயர் மஞ்சள் உறைக்குள் போவது அழகுக்காக இல்லை. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்த பின்தான் நாங்கள் அந்த மஞ்சள் கனெக்டரில் கை வைப்போம், ஏனென்றால் பேட்டரி கழன்ற பிறகும் மின்சாரம் உள்ளே தேங்கியிருக்கும். கழற்றிய பையை, மூடி உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி தூக்கி, மேஜையில் மூடி மேலே இருக்கும்படி வைப்போம். கவிழ்த்து வைத்தால், தவறி விரியும்போது மொத்தமும் கூரைக்குப் பறக்கும்.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகிறேன். ஏர்பேக் உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சேஸிஸ் நம்பரை வாங்கிப் போய் ரீகால் பார்ப்பது முதல் வேலை. விற்பவர் அதைத் தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓடவிடாமல் விளக்குகளை மட்டும் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும், பின் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டதும், ஆயில் விளக்கோ பேட்டரி விளக்கோ அணைகிற அதே கணத்தில் இதுவும் அணைந்தால் சந்தேகப்படுங்கள். அதன் வயரை இதோடு முடிந்துவிடும் பழக்கம் உண்டு, நானே இரண்டு வண்டியில் பிரித்து எடுத்திருக்கிறேன். ஒன்றில் பை இருந்த இடத்தில் கந்தைத் துணிதான் இருந்தது. ஸ்டியரிங் மூடியின் நிறம் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கோடு பொருந்துகிறதா, டேஷ்போர்டில் பை விரியும் கோடு ஒட்டு தெரியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

விபத்தில் அடிபட்ட வண்டி என்றால் இன்னொரு ஆபத்து. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு காரின் பையை எடுத்துப் பொருத்தியிருக்கலாம். அந்தப் பை ரீகாலில் இருந்தாலும் உங்கள் சேஸிஸ் நம்பரில் அது காட்டாது. விபத்துக்குப் பின் பை மாற்றப்பட்டிருந்தால், புதிய பாகம் வாங்கிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன்.

கேள்வி: 2015ல் என் காருக்கு ரீகாலில் பை மாற்றியாகிவிட்டது. இப்போது மறுபடியும் வரச் சொல்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை, போய்விடுங்கள். தட்டுப்பாடு இருந்த அந்த வருடங்களில் பல வண்டிகளுக்கு அதே வகை மருந்துள்ள புதிய இன்ஃப்ளேட்டரைத்தான் போட்டார்கள். புதிதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு, வயதானால் அதுவும் கெடும் என்பதால் நிரந்தரப் பாகம் வரும்வரை அது தற்காலிக ஏற்பாடு. அன்று யாரும் இதை உங்களிடம் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த முறை, போடுவது இறுதி மாற்றுப் பாகம்தானா என்று கேட்டு, ரீகால் எண்ணும் தேதியும் போட்ட ரசீது வாங்கிப் பதிவுப் புத்தகத்தோடு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் சாவியோடு அந்தத் தாளையும் வாங்குபவர் கையில் கொடுங்கள்.