ஸ்பானிஷ் வகுப்புக்குத் தமிழையும் கூட்டிப் போங்கள்

விருப்பப் பாடமாக ஸ்பானிஷ் படிக்கும் கல்லூரி மாணவ மாணவியரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்ற அசைகளைப் பெரும்பாலும் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். எழுதியபடியே வாசித்தால் உச்சரிப்பு ஏறக்குறைய சரியாக வந்துவிடும்.

முதல் செமஸ்டரில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் வாயைத் திறந்தால் ஆங்கிலம் மாதிரியே கேட்கிறது என்கிறார் ஆசிரியர். எங்கே தப்பு?
– பி.காம். மாணவி, திருச்சி

நீங்கள் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறீர்கள், தப்பு அங்கேதான். பாடப்புத்தக விளக்கங்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு வருகிற சிரமம் பாதிக்குமேல் உங்களுக்கு வரவே கூடாது.

ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. ஐந்தும் தமிழில் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலப் பழக்கத்தில் எ-யை ‘எய்’ என்றும் ஒ-வை ‘ஒவ்’ என்றும் இழுப்பதை முதலில் விடுங்கள்.

அடுத்தது ட. ஸ்பானிஷில் ட என்ற ஒலியே கிடையாது. நாக்கு பல்லைத் தொட வேண்டும், த சொல்வதுபோல. தக்காளி ‘தொமாத்தெ’, ‘டொமாட்டோ’ இல்லை. இன்னொரு நுணுக்கமும் நமக்குச் சாதகம்: ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான ‘நாத’வில் வரும் த, ‘அது’ என்று சொல்லும்போது வருகிற அதே மெல்லிய த. இரண்டு உயிரொலிக்கு நடுவே வல்லினம் மெலிவது தமிழிலும் உண்டு, ஸ்பானிஷிலும் உண்டு. ப, த, க சொல்லும்போது மூச்சைச் சேர்த்துத் தள்ளவும் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பான்’ (ரொட்டி) என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் ஆடினால் அது ஆங்கிலப் ‘ப’.

ர, ற வேறுபாட்டில்தான் உண்மையான உழைப்பு தேவை. ‘பேரொ’ என்றால் ‘ஆனால்’, ‘பேறொ’ என்றால் நாய். ‘காரொ’ விலை அதிகம், ‘காறொ’ கார். சொல்லின் முதலில் வந்தால் எப்போதும் உருளும் ற-தான்: ஆறு என்பதற்கு ‘றீயொ’. கன்னியாகுமரிப் பக்கம் ‘கரி’, ‘கறி’ இரண்டையும் பிரித்துச் சொல்லி வளர்ந்தவர்கள் பாதி வழி வந்துவிட்டவர்கள். மற்றவர்கள் நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் தளர்வாக வைத்து, ‘த்ர, த்ரெ, த்ரி’ என்று ஆரம்பித்துக் காற்றால் உருளவிடுங்கள். நாக்கை விறைப்பாக வைத்துக்கொண்டு பலத்தால் உருட்டப் பார்த்தால் வராது. நாக்கு கொடிபோல, அதை ஆட்டுவது காற்று. தினம் ஐந்து நிமிடம் போதும். போனில் பதிவு செய்து கேட்டால் முன்னேற்றம் தெரியும்.

‘சேர்’, ‘எஸ்தார்’ இரண்டுமே ‘இரு’தானா? நிரந்தரமானது, தற்காலிகமானது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ‘இறந்துவிட்டார்’ என்பதற்கு ‘எஸ்தார்’ வருகிறதே!
– இயற்பியல் மாணவர், மதுரை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நிரந்தரம், தற்காலிகம் என்கிற விதி பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். தமிழை வைத்துச் சோதியுங்கள்.

‘நான் மாணவி’, ‘அவர் மருத்துவர்’. தமிழில் இங்கே வினைச்சொல்லே இல்லை. இந்த இடத்தில் ஸ்பானிஷில் ‘சேர்’ வரும். ‘நான் வீட்டில் இருக்கிறேன்’, ‘கதவு திறந்திருக்கிறது’. இரு என்ற வினை கட்டாயம் வேண்டிய இடம். இங்கே ‘எஸ்தார்’. ‘இறந்துவிட்டார்’ என்பதும் ‘கதவு திறந்திருக்கிறது’ வகைதான்: ஒரு மாற்றம் நடந்து முடிந்து, அதனால் வந்த நிலை.

குழப்பம் ‘-ஆக இருக்கிறாள்’ என்ற வடிவத்தில் வரும். ‘உயரமாக இருக்கிறாள்’, ‘களைப்பாக இருக்கிறாள்’ இரண்டும் தமிழில் ஒரே அமைப்பு. அதை ‘-ஆனவள்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘உயரமானவள்’ இயல்பு, அதனால் ‘சேர்’. ‘களைப்பானவள்’ என்று யாரும் சொல்வதில்லை, அதனால் ‘எஸ்தார்’. இரண்டும் பொருந்துகிற சொற்களில் அர்த்தமே மாறிவிடும்: ‘எஸ் லீஸ்தொ’ கெட்டிக்காரன், ‘எஸ்தா லீஸ்தொ’ தயாராக இருக்கிறான். ‘எஸ் அபுறீதொ’ சலிப்பூட்டுகிற ஆள், ‘எஸ்தா அபுறீதொ’ சலித்துப்போயிருக்கிறான்.

தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்று உண்டு. ‘வகுப்பு மூன்றாம் அறையில் இருக்கிறது’ என்பதற்கு ‘சேர்’தான் போட வேண்டும். ‘இருக்கிறது’ என்ற இடத்தில் ‘நடக்கிறது’ என்று வைத்தாலும் பொருள் கெடவில்லை என்றால், அது நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு ‘சேர்’, பொருளுக்கும் ஆளுக்கும் ‘எஸ்தார்’.

தமிழ் வேறு எங்கெல்லாம் கைகொடுக்கும்?
– மொழியியல் மாணவி, கோவை

மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பது ‘மெ கூஸ்த எல் கஃபே’. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது ‘மெ துவேலெ ல கபேஸ’. எனக்கு என்பதற்கு ‘மெ’, பிடிக்கிற பொருள்தான் எழுவாய். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாரக்கணக்கில் தடுமாறும் பாடம் நமக்கு வீட்டுப் பேச்சு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிடித்தவை பலவானால் ‘கூஸ்தன்’ என்று வினையும் பன்மையாகும்.

‘நேற்று படம் பார்த்தேன்’ என்போம்; ‘நேற்று அம்மா பார்த்தேன்’ என்று சொல்ல மாட்டோம். ஆளைச் சொல்லும்போது ‘அம்மாவை’ என்று ஐ உருபு வந்தே ஆக வேண்டும். ஸ்பானிஷிலும் அப்படித்தான். படத்துக்கு உருபு வேண்டாம்: ‘அயேர் வீ உன பெலீக்குல’. அம்மாவுக்கு முன்னால் ‘அ’ வேண்டும்: ‘அயேர் வீ அ மி மாத்ரெ’. இந்த ‘அ’-வை மறந்துவிட்டுச் சிவப்பு மையால் திருத்தப்பட்ட தாள்கள் நிறைய. ஐ உருபை நினைத்தால் மறக்காது.

ஒரே சொல்லில் அமையும் இறந்த காலம் ஸ்பானிஷில் இரண்டு. ‘தாத்தா வீட்டுக்குப் போனேன்’ என்பது ஒன்று: ‘ஃபுவீ’. ‘சின்ன வயதில் லீவு விட்டால் தாத்தா வீட்டுக்குப் போவேன்’ என்பது மற்றொன்று: ‘ஈப’. பழைய வழக்கத்தைச் சொல்லும் ‘போவேன்’, ‘படிப்பேன்’, நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் ‘படித்துக்கொண்டிருந்தேன்’ எல்லாம் இரண்டாவது வகை. படித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது என்றால், படித்தது ‘எஸ்துதியாப’, கரண்ட் போனது ‘செ ஃபுவே ல லூஸ்’. வெளிச்சம் ‘போய்விட்டது’ என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

தமிழ் கைவிடும் இடம் ஆண்பால், பெண்பால். மேசைக்கும் சுவருக்கும் நமக்குப் பால் கிடையாது, அதனால் காதில் எதுவும் உறுத்தாது. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் ‘எல்’ அல்லது ‘ல’ சேர்த்தே எழுதிப் படியுங்கள். அ-வில் முடிந்தால் பெண்பால் என்று நம்பினால் ‘எல் ப்ரொப்லேம’, ‘எல் தீயா’ (நாள்), ‘எல் மாப்ப’ (வரைபடம்) எல்லாம் தவறும். கை என்பது ஒ-வில் முடிந்தும் ‘ல மானொ’.

‘மேஸ’ என்றால் மேசை. தற்செயலா?
– பொறியியல் மாணவர், சேலம்

இல்லை. ‘மேசை’ போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் லத்தீனின் பிள்ளைகள். அலமாரி ஸ்பானிஷில் ‘அர்மாரியொ’. இலங்கைத் தமிழில் பாண் என்பதும் சப்பாத்து என்பதும் ‘பான்’, ‘ஸப்பாத்தொ’ ஆகியவற்றின் உறவுகள்.

ஸ்பெயின் ஸ்பானிஷ், மெக்சிகோ ஸ்பானிஷ், இதில் எதைப் படிப்பது?
– பி.பி.ஏ. மாணவி, சென்னை

உங்கள் ஆசிரியர் பேசுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் காதுக்குப் பழக்குங்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் தனி ஒலியாக நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் z எழுத்து, லத்தீன் அமெரிக்காவில் வெறும் ‘ஸ’. நண்பர்கள் பலரைப் பார்த்துப் பேச ஸ்பெயினில் ‘வொசோத்ரொஸ்’, அட்லாண்டிக்கைத் தாண்டினால் ‘உஸ்தேதெஸ்’. அர்ஜென்டினாவில் நீ என்பதற்கு ‘தூ’ இல்லை, ‘வோஸ்’. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் நெருங்கியவர்களிடமும் ‘உஸ்தேத்’ (நீங்கள்) சொல்வது உண்டு; அதை விலகல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை. ‘பஸ் பிடிக்கிறேன்’ என்று சொல்ல ஸ்பெயினில் ‘கொஹேர்’ என்பார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கொச்சையான உடலுறவுச் சொல். ‘தொமார்’ என்று பழகிவிட்டால் எங்கும் சிக்கல் இல்லை.

எங்கள் ஸ்பானிஷ் தினத்துக்கு ‘தொர்த்தீய’ செய்தோம். திருப்பும்போது உடைந்து கொட்டிவிட்டது.
– காட்சித் தொடர்பியல் மாணவர்கள், புதுச்சேரி

மெக்சிகோவில் தொர்த்தீய என்றால் மக்காச்சோள மாவு ரொட்டி. ஸ்பெயினில் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த கனமான அடை. நீங்கள் செய்தது இரண்டாவது. ஆறு பேருக்கு உருளைக்கிழங்கு 600 கிராம், முட்டை 6, பெரிய வெங்காயம் 1, உப்பு, எண்ணெய் சுமார் 300 மி.லி. ஆலிவ் எண்ணெய் கட்டுபடியாகாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும். கடலை எண்ணெயின் மணம் ஒத்துவராது. வெங்காயம் போடலாமா கூடாதா என்று ஸ்பெயினிலேயே வீட்டுக்கு வீடு சண்டை.

கிழங்கை 3 மி.மீ. கனத்தில் சீவி, வெங்காயத்தோடு எண்ணெயில் மூழ்கவிட்டு, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். சிப்ஸ் மாதிரி மொறுமொறுப்பாகிவிட்டால் முட்டை ஒட்டாது. உடைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும். எண்ணெயை நன்றாக வடித்து, அடித்து வைத்த முட்டையில் கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். அவசரப்பட்டு இதை விட்டுவிடுவது இரண்டாவது காரணம். 22 முதல் 24 செ.மீ. அகலமுள்ள ஒட்டாத குழிவான வாணலியில் ஊற்றி, ஓரம் பிடித்து, வாணலியை ஆட்டினால் அடை நகரும்போது திருப்புங்கள். வாணலியைவிடப் பெரிய தட்டை மூடி, ஒரே வீச்சில் கவிழ்த்து, தட்டிலிருந்து மெல்லச் சரித்து மறுபடி வாணலியில் விடுங்கள். தோசைக்கல்லில் முயன்றால் விளிம்பு இல்லாமல் வழிந்துவிடும்.

கார்சியா மார்க்கெஸை ‘மார்க்கெஸ்’ என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் திருத்திவிட்டார்.
– ஆங்கில இலக்கிய மாணவி, திருநெல்வேலி

ஸ்பானிஷ்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு. வழக்கமாக முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கெஸின் அப்பா கார்சியா, அம்மா மார்க்கெஸ். ‘கார்சியா மார்க்கெஸ்’ என்று சேர்த்தே எழுத வேண்டும், அகரவரிசையில் ‘க’வில் தேட வேண்டும். ஸ்பானியக் கவிஞர் கார்சியா லோர்க்கா ஒரு விதிவிலக்கு. கார்சியா என்ற பெயர் மிகப் பரவலானது என்பதால் அவரை அம்மா வழிப் பெயரால் அழைப்பது நிலைத்துவிட்டது. ஸ்பெயின் விண்ணப்பங்களில் இரண்டாவது குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் இல்லாத எதையும் அதில் நிரப்பாதீர்கள்.

டெலே, சியேலே: எந்தத் தேர்வு எழுதலாம்?
– பி.எஸ்சி. மாணவர், வேலூர்

இரண்டும் ஸ்பானிஷ் திறனுக்குச் சான்று தரும் தேர்வுகள். டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சியேலே கணினியில் எழுதுவது, ஐந்து ஆண்டு செல்லும். நிரந்தரச் சான்று வேண்டும், தயாராக நேரமும் இருக்கிறது என்றால் டெலே.

டெலே ஏ2 நிலையில் (தொடக்கநிலையின் இரண்டாம் படி) வாசிப்பு 60 நிமிடம், கேட்டல் 40, எழுத்து 45, பேச்சு 12, பேச்சுக்கு முன் தயாரிப்புக்கு இன்னொரு 12. மொத்தம் 100 மதிப்பெண். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுக்க வேண்டும். முதல் தொகுதியில் 48 வாங்கி, இரண்டாவதில் 28 வாங்கினால் தேர்ச்சி இல்லை. நம் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கேட்டலில். வாரம் 4 மணி நேரம், 15 வாரம் என்றால் ஒரு செமஸ்டருக்கு 60 மணி. இரண்டு செமஸ்டர் முடித்த கையோடு, கேட்டல் பயிற்சியைத் தனியாகச் செய்யாமல் ஏ2 எழுதப் போகாதீர்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுத்து, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, கேட்டதை எழுதி, அதன்பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு சொல் ஒன்றாக ஒட்டிக் கேட்ட இடங்களை அடிக்கோடிடுங்கள். அடுத்த நாள் அந்த இடங்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஸ்பெயினுக்கு ஒரு செமஸ்டர் போகிறேன். சைவம். சமாளிக்க முடியுமா?
– எம்.ஏ. மாணவி, தஞ்சாவூர்

முடியும், ஆனால் ‘ஸின் கார்னெ’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொல்லாதீர்கள். பலருக்கு அது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சித் துண்டுகளைத்தான் குறிக்கும். உப்பிட்ட பன்றித் தொடையான ‘ஹமோன்’ தூவி வந்துவிடும். ‘என்ஸலாத மீக்ஸ்த’ என்ற கலவை சாலடில் சூரை மீன் இருப்பது வழக்கம். பருப்புக் குழம்பான ‘லென்தேஹஸ்’ பார்க்க நம் சாம்பார் மாதிரி இருந்தாலும், பெரும்பாலும் சொரீஸொ என்ற பன்றித் தொத்திறைச்சியோடுதான் கொதிக்கும். ‘நோ கோமொ கார்னெ, நி பெஸ்காதொ, நி ஹமோன், நி அத்தூன்’ (இறைச்சி, மீன், ஹமோன், சூரை எதுவும் சாப்பிடுவதில்லை) என்று நான்கையும் சொல்லுங்கள்; குழம்பு என்றால் எலும்பு வேகவைத்த நீரா என்றும் கேளுங்கள். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் அரைத்த ‘கஸ்பாச்சொ’, காரச் சாற்றோடு வரும் ‘பத்தாத்தஸ் ப்ராவஸ்’ இரண்டும் வழக்கமாகச் சைவம். மதிய உணவு 2 மணிக்கு மேல், இரவு உணவு 9 மணிக்கு மேல். பல உணவகங்களில் மாலை 5 மணிக்குச் சமையல் நடக்காது, அதனால் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். தட்டு காலியானபின் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு ‘ஸொப்ரெமேஸ’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்; உங்கள் ஸ்பானிஷுக்கு அதைவிட நல்ல பயிற்சி வகுப்பில் கிடைக்காது.