எட்டு பி தீர்க்காத இருட்டு

வணக்கம் ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு முகங்களை வரையப் பழகி வருகிறேன். மறைந்த என் அம்மாவின் புகைப்படத்தைப் பார்த்து முதலில் ஹெச்பி பென்சிலால் மட்டும் வரைந்தேன். முகம் சாம்பல் பூசியதுபோல் வந்தது. கடைக்காரர் சொன்னபடி இன்னும் கருமையான 8பி பென்சில் வாங்கி மீண்டும் வரைந்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கூந்தல் அலுமினியத் தகடுபோல் மின்னுகிறது. விலையுயர்ந்த பென்சில் பெட்டி வாங்கினால் சரியாகுமா? இரண்டு படங்களையும் இணைத்துள்ளேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டி வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். மின்னுவது பென்சில் முனையில் உள்ள கிராஃபைட் என்ற கரிமப் பொருளின் இயல்பு. எவ்வளவு விலை கொடுத்தாலும் அது முழுதாகப் போகாது. 1795-இல் பிரான்சில் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளில் களிமண்ணைக் குழைத்துச் சூளையில் சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அதுதான்: களிமண் கூடினால் முனை கெட்டிப்பட்டுத் தடம் வெளிறும், அது ஹெச், கிராஃபைட் கூடினால் முனை மெத்தென்றாகித் தடம் கருக்கும், அது பி. இரண்டுக்கும் இடைப்பட்டது ஹெச்பி. முன்னால் உள்ள எண் கூடக்கூட அந்தந்தக் குணமும் கூடும். கிராஃபைட்டோ தட்டுத்தட்டான துகள்களால் ஆனது. அழுத்தித் தேய்க்கும்போது அவை தாளில் படிந்து கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. 8பி-யை அழுத்த அழுத்தக் கருமை கூடாமல் பளபளப்பே கூடியது இதனால்தான். சில நிறுவனங்கள் அடர்ந்த பி வகைகளில் கரித்தூளைக் கலந்து இதைக் குறைக்கின்றன.

உங்கள் ஹெச்பி படம் வெளிறியதற்குப் பென்சில் காரணமில்லை. கன்னத்தை விரலால் தேய்த்திருக்கிறீர்கள். தாளின் வெண்மைதான் முகத்தின் வெளிச்சம். விரலின் எண்ணெய்ப்பசையோடு கிராஃபைட் அங்கே ஏறிவிட்டால் ரப்பராலும் முழுதாக மீட்க முடியாது. கண்குழி, மூக்கடி, தாடையடி மூன்றுக்கும் ஒரே அளவு நிழல் கொடுத்திருப்பது இன்னொரு குறை. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர், ரோமில் இருந்த காலத்தில் கூராகச் சீவிய பென்சிலால் வழவழப்பான தாளில் வரைந்த முகங்களைப் பாருங்கள். 1819-இல் அவர் வரைந்த வயலின் கலைஞர் பகனினியின் படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலான படங்களில் முகத்துக்கு மட்டும் நுணுக்கமான நிழல் கொடுத்து, உடையைச் சில கோடுகளில் விட்டுவிடுகிறார். கரியைக் கொட்டாமலே முகம் எழுந்து நிற்கிறது.

உங்களுக்கு 2ஹெச், ஹெச்பி, 4பி மூன்றும் போதும் என்பது என் எண்ணம். ஒரே நிறுவனத்தின் பென்சில்களாக வாங்குங்கள். ஒருவருடைய 2பி இன்னொருவருடைய ஹெச்பி-யாக இருப்பதுண்டு. கன்னத்துக்கும் நெற்றிக்கும் 2ஹெச், அதுவும் கை படாததுபோல். கூந்தலில் 4பி-யை முடி விழும் திசையில் மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, மிக ஆழ்ந்த இருட்டைக் காதின் பின்புறம், பிடரி, நாசித்துளை ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். முழுக்கருப்பு வேண்டுமென்றால் கரிப்பென்சில் உண்டு. ஆனால் கிராஃபைட் ஏறி வழுக்கிய இடத்தில் கரி பிடிக்காது என்பதால் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மின்னும் சாம்பலுக்குப் பக்கத்தில் அந்த மங்கிய கருப்பு வெட்டி ஒட்டியதுபோல் தெரிவதால், இந்தப் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கெட்டிப் பென்சிலை அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பிறகு மேலே 4பி-யைத் தேய்த்தால் பள்ளத்துக்குள் அது இறங்காமல் வெள்ளைக்கோடு எஞ்சும். என் அத்தையின் நெற்றியில் அப்படி மூன்று கோடுகளை உழுது படத்தைக் கெடுத்திருக்கிறேன். அதே பிழை உங்களுக்குப் பயன்படும். புகைப்படத்தில் அம்மாவின் காதோரம் நரை தெரிகிறது அல்லவா? மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அந்த முடிகளை முதலில் வெறுந்தாளில் அழுத்திக் கீறிவிட்டு, அதன்மேல் 4பி-யைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பாருங்கள்.