அது திருட்டு முழி இல்லை

ஆபீஸ் விட்டு வந்தால் கதவு நிலையும் செருப்பும் குதறிக் கிடக்கின்றன, உங்கள் லாப்ரடார் தலையைத் தொங்கப்போட்டுத் திருட்டு முழி முழிக்கிறது, திட்டியும் திருந்தவில்லை என்கிறீர்கள். முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். நியூயார்க்கில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்ற பண்டத்தைத் தின்ற நாயோ தின்னாத நாயோ, வளர்ப்பவர் திட்டியபோதுதான் அந்த முழி அதிகம் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கியபோது இன்னும் அதிகம்! பாவம், அது பார்ப்பது உங்கள் முகத்தைத்தான், செருப்பை இல்லை.

கதவோரம் பிறாண்டுகிறது என்றால் பெரும்பாலும் குறும்பு இல்லை, தனிமை தாங்காத தவிப்பு. மொபைலை வீடியோவில் வைத்துவிட்டுப் போனால் தெரிந்துவிடும். சாவிச் சத்தம் கேட்டதுமே பதறுகிறதா? அப்படியானால் சாவியை எடுத்து, எங்கும் போகாமல் சோபாவில் உட்காருங்கள். அந்தச் சத்தம் அதற்குச் சலித்துப்போகணும். அப்புறம் அரை நிமிடம் வெளியே நின்று, அது பதறுவதற்குள் திரும்புங்கள். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் ஆகும், சரியா? எச்சில் வழிந்து, நகம் கிழியும் அளவுக்குப் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், இதற்கு மருந்தும் உண்டு.