கரிசலுக்குள் நுழைய எந்தப் புத்தகம்?

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் மாற்றலாகி கோவில்பட்டிக்கு வந்து மூன்று மாதமாகிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். பஸ்ஸில் போனால் வெடித்த கறுப்பு நிலமும் வேலிக்கருவையும்தான் தெரிகின்றன. இந்த ஊரைத் தெரிந்துகொள்ள எதைப் படிக்கலாம்? ‘கோபல்ல கிராமம்’ எடுத்தேன். பேச்சுவழக்கு இடறியது, வைத்துவிட்டேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இடைசெவல். எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணன் (கி.ரா.), கு.அழகிரிசாமி இருவருக்கும் அதுதான் ஊர். அப்படிப்பட்ட இடத்துக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது உங்களுக்கு.

வழக்குச்சொல் இடறினால் அந்த நாவலைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அதை எழுதிய கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யைப் படியுங்கள். கட்டுரைகள்தான், ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதுபோல இருக்கும். பத்துப் பக்கத்தில் காது பழகிவிடும். பிறகு ‘கோபல்ல கிராமம்’ தானாகத் திறக்கும். 137 வயது மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டை அழித்து ஊர் கண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் உங்களால் கீழே வைக்க முடியாது.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது நிலம் வைத்திருந்தவர்களின் வீட்டுக்குள்ளிருந்து சொன்ன கதை. அதே மண்ணில் கூலிக்கு இறங்கியவர்கள் பக்கமிருந்து பார்க்க பூமணி வேண்டும். ‘வெக்கை’ (1982) சின்னப் புத்தகம். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டில் ஒளிந்திருக்கும் எட்டு நாள். பையன் பசி தாங்குவானா என்பதுதான் அந்த அப்பனின் பெரிய கவலை. இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்திருந்தாலும் படியுங்கள். காட்டில் அவர்கள் சும்மா உட்கார்ந்து பேசிக்கொள்ளும் பொழுதுகள் புத்தகத்தில்தான் இருக்கின்றன. பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. அதற்கு அவசரமில்லை.

சோ.தர்மனின் ‘சூல்’ மட்டும் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடிக் கண்மாய்தான், அதாவது ஊர் ஏரிதான், அதில் நாயகன். தண்ணீர் திறந்துவிடும் மடை, மிஞ்சிய நீர் வழியும் கலுங்கு, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி என்று ஒரு கண்மாயைச் சுற்றி எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் நீங்கள், ஆற்றுத் தண்ணீர் பார்த்து வளர்ந்தவர். மழையைத் தேக்கியே பிழைத்தவர்களின் கணக்கு உங்களுக்குப் புதிதாக இருக்கும்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்ததும் ஒருநாள் ஏதாவது ஒரு கண்மாய்க்கரைக்கு நடந்து போங்கள். இப்போது பார்க்கிற வெடிப்பெல்லாம் மூடியிருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மண் விடாது.